மருந்துத் தண்ணிக்குப் பத்தியம்

போன வாரம் ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடுவதாக இல்லை. தண்ணீர், ஃப்ளோரைடு என்று யாராவது ஆய்வேடு எழுதிவிட்டால் போதும், கேள்வி கேட்க என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண் பேசத் தொடங்கும் முன்பே ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை மேசைமேல் வைத்தாள். உள்ளே வெள்ளைப் பொடி. மாவு என்று சொன்னால் மாவுக்கே வெட்கம் வரும், அவ்வளவு மென்மை. மூடியைத் திறந்தால் புகைபோல எழும்பியது. "நானோ அலுமினா மேடம். தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடை இது தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். துகள் சின்னதாக ஆக ஆக, ஒட்டிக்கொள்ளும் பரப்பு கூடிக்கொண்டே போகும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேர்வாளர் சிரிக்கக் கூடாது என்பதால் இருமினேன். பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் என்ன செய்வேன், அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் நீயும் உன் அண்ணியின் மிக்ஸியும் என் கண் முன்னால் வந்து நின்றுவிட்டீர்கள்.

இதே வாக்கியத்தைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். நானோ என்ற சொல்லை அன்றைக்கு நாம் இருவருமே கேட்டதில்லை. "பொடி சின்னதானா பிடிப்பு பெருசாகும் புள்ள. கணக்கு அவ்வளவுதான்" என்றாய். கணக்கு சரிதான். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் தப்பாகப் போயிற்று.

கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் நாம் ஒரே ஆண்டு வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. நான் கோட்டைமேட்டுக்காரி. என்னைப் பெற்ற அத்தாவின் தகரப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்ததால், யாராவது மெதுவாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும். உன்மேல் அந்தச் சந்தேகம் ஒரு நாளும் வந்ததில்லை. பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருவாய். நீ படியேறும்போதே உன் குரல் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கொங்குத் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். எனக்குக் கோபம் வந்தால் பேச்சே வராது. அதனால்தான் நமக்குள் சண்டை நீண்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

நான் சிறுவாணித் தண்ணீர் குடிக்கிறவள் என்று உனக்கு ஒரு கிண்டல். "உங்க சிறுவாணி ருசிதான், ஆரு இல்லீன்னா? எங்கூட்டு போர் தண்ணியில பருப்பு வேகறதப் பாத்திருக்கியா? அடுப்புல வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள வெந்து கொழைஞ்சு கெடக்கும்" என்பாய். உண்மைதான். சோப்பும் நன்றாக நுரைக்கும். உப்புக் கரிக்காது. அந்தத் தண்ணீரை யாரும் சந்தேகப்படக் காரணமே இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை உன் அண்ணன் மகள் பிரேமாவைக் கல்லூரிக்குக் கூட்டிவந்தாய். எட்டு வயது இருக்கும். கண்ணெல்லாம் குறும்பு. நான் ஒரு முறுக்கைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கடித்தாள். நீ ஏதோ வேடிக்கை சொன்னாய். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அதைவிட வேகமாகக் கை வந்து வாயை மூடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ பேச்சை மாற்றினாய்.

சாயங்காலம் அவளை ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, பஸ் கிளம்பும்வரை கீழே நின்று சொன்னாய். "முன்னாடி முளைச்ச பல்லெல்லாம் வரிவரியா பழுப்பு. பள்ளிக்கூடத்துல பல்லு வெளக்காத புள்ளைன்னு பேரு வெச்சுப்போட்டாங்க. அது செங்கப் பொடியப் போட்டு ஈறு ரத்தம் வர்ற வரைக்கும் தேய்க்குது. தேய்ச்சாப் போற கறையா அது? பல்லு ஈறுக்குள்ள இருக்கிறப்பவே ஆயிப்போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாய். நீ தாழ்ந்த குரலில் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "மூத்தவளுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது புள்ள. சின்னவ வித்யா இப்பத்தான் தவழறா. பால் பல்லு விழுந்து முளைக்கிற பல்லு அவளுக்கு உள்ளுக்குள்ள இப்பத்தான் உருவாகுது. அதையாவது காப்பாத்தோணும்."

திங்கட்கிழமை ஒரு பாட்டிலில் உங்கள் வீட்டுத் தண்ணீர் வந்தது. சோதனைக் குழாயில் ஊற்றி அலிசரின் சாயக் கரைசலை விட்டோம். நல்ல தண்ணீராக இருந்தால் இளஞ்சிவப்பாக நிற்கும், ஃப்ளோரைடு ஏற ஏற மஞ்சளாகும். என் சிறுவாணி இளஞ்சிவப்பாக நின்றது. உன் தண்ணீர் எலுமிச்சம்பழ மஞ்சள். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கிணறு வற்றி உன் அண்ணன் ஆழமாக போர் போட்டது பிரேமா பிறந்த சமயத்தில். நீ வளர்ந்தது கிணற்றுத் தண்ணீரில், அதனால்தான் உன் பல் உன் பேச்சைப் போலவே பளிச்சென்று இருந்தது. "இத்தன வருசமா இதத்தான் ருசி ருசின்னு உன்கிட்ட பீத்திட்டிருந்தனா?" என்றாய்.

அலுமினா மணிகள் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஜவ்வரிசி அளவுக்கு வெள்ளை வெள்ளையாக இருக்கும். தோட்டத்துக்குப் போட்டு மிச்சமான பிவிசி குழாயில் ஒரு முழ அளவு வெட்டிக் கொண்டுவந்தாய். அடியில் துணியும் மணலும், அதன்மேல் மணிகள், கீழே ஒரு சின்னக் குழாய்த்திருகு. திருகைப் பொருத்திக் கொடுத்தது என் அத்தா. உன்னைக் கண்டாலே அவருக்கு வேலையில் கை ஓடாது, பேச்சுத்தான் ஓடும். "ஏம்மா, தண்ணிய வடிகட்டறதுக்கு ரெண்டு பேரு எம்.எஸ்ஸி. படிக்கோணுமா?" என்றார். "இல்லீங் அத்தா, ஒருத்தி ஊத்தறதுக்கு, ஒருத்தி குத்தம் சொல்றதுக்கு" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் சுத்தியல் கீழே விழுந்தது.

முதல் முறை வடிகட்டிய தண்ணீர் இளஞ்சிவப்புக் காட்டியது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நீ சும்மா இருக்கிற ஆளா? மணியைப் பொடியாக்கினால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் இதே குழாய் இன்னும் நிறையத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று அந்தக் கணக்கைச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தறிக்குடோன் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. அண்ணியின் கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியில் அலுமினா அரைபட்டுக்கொண்டிருந்தது. அண்ணி கதவோரம் நின்று, பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொடியைக் குழாயில் நிரப்பித் தண்ணீரை ஊற்றினோம். திருகைத் திறந்தோம். ஒன்றும் வரவில்லை. தட்டினோம். அண்ணன் வந்து தட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அரை டம்ளர் இறங்கியிருந்தது, அதுவும் வெள்ளையாக. அண்ணி டம்ளரைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இது தண்ணிங்களா, மோருங்களா?"

குழாயைக் கவிழ்த்தால் பொடி சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. "பிடிப்பெல்லாம் நல்லாத்தான் புள்ள இருக்குது, தண்ணி போறதுக்குத்தான் வழியில்ல" என்றாய். மிக்ஸியின் பிளேடு மழுங்கிப்போயிருந்தது. "இனிமே இதுல சட்டினி அரைச்சா கொழம்புக்கு ஆகும், மிளகாயே முழுசா நிக்குது" என்று அண்ணி அதன்பிறகு பல நாள் சொல்லிக் காட்டினார். மறுபடியும் ஜவ்வரிசி மணிக்கே வந்து சேர்ந்தோம். பொடி மென்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தண்ணீர் கடந்து போகிறமாதிரி எதன்மேலாவது ஒட்டி உட்காரவைக்க வேண்டும் என்பதைத்தான் அந்தப் பெண்ணும் போன வாரம் அரை மணி நேரம் விளக்கினாள். உன் அண்ணியின் மிக்ஸி அதை ஒரே பகலில் விளக்கிவிட்டது.

மணிகளை நிரப்பிய வடிகட்டி ஒழுங்காக வேலை செய்தது. மெதுவாகத்தான் இறங்கும். நாம் போட்ட கணக்கு எளிது: இரண்டு பிள்ளைகள் குடிக்க, சின்னவளுக்குக் கஞ்சியும் பாலும் கலக்க, அவ்வளவு தண்ணீர் போதும். அந்த அளவுக்கு மணிகள் மழைக்காலம் வரை தாங்க வேண்டும். பிறகு காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் மறுபடியும் பிடிக்கத் தொடங்கும்.

ஆனால் மாதம் திரும்புவதற்குள் சாயம் மஞ்சள் காட்டியது. மணி களைத்துவிட்டது. கழுவிப் போட்டோம், மறுபடியும் அதே கதை. நான் மணியைக் குறை சொன்னேன். நீ நான் தயாரித்த கரைசலைக் குறை சொன்னாய். மதிய உணவு இடைவேளையெல்லாம் இதே பேச்சு. தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீ கணக்கை முதலிலிருந்து போடுவாய், ஒவ்வொரு முறையும் அதே விடை வரும். ஒரு நாள் பென்சிலை வைத்துவிட்டு, "அந்தக் கொழந்த தெனமும் வளருது புள்ள. நாம இங்க கணக்குப் போடற வரைக்கும் பல்லு நிக்குமா?" என்றாய். நான் என் டப்பாவை மூடிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டில் உட்கார்ந்து, மணிகளைத் தட்டில் பரப்பி இரண்டு பேரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். நூல் ஏஜெண்ட் ஒருவர் வந்தார். அண்ணன் தறி போட்டிருந்ததால் உங்கள் வீட்டுக்கு ஆள் வரத்து ஓயாது. நூல் கொடுக்கிறவர், துணி எடுக்கிறவர், தறி மெக்கானிக், இவர்களுக்கு நடுவே சொந்தக்காரர்கள். வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி சொம்போடு நிற்பார். "வாங்க, தண்ணி குடிங்க" என்ற பிறகுதான் மற்றப் பேச்சு. அன்றைக்கும் சொம்பை எடுத்துக்கொண்டு நேராக வடிகட்டித் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போனார், மொண்டார், கொண்டுவந்து கொடுத்தார். "பில்டர் தண்ணிங்க. என்ற நாத்தனா காலேஜுல இருந்து கொண்டாந்து வெச்சிருக்கறா. குடிச்சுப் பாருங்க" என்றார். பெருமையில் அவர் முகம் பூரித்திருந்தது. ஏஜெண்ட் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

அப்போது வித்யா அழுதுகொண்டே அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாள். தாகம். அண்ணி டம்ளரை எடுத்து மூலையிலிருந்த பழைய குடத்தில் மொண்டு, குழந்தையின் வாயில் வைத்தார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நம் கணக்கில் தப்பே இல்லை. அந்த அலுமினா பல்லடம் வட்டாரத்து நூல் வியாபாரிகள் அத்தனை பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

உனக்குக் கோபத்தில் மூன்று மொழியும் வந்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "ஒரம்பரை வந்தா ஊட்டுல இருக்கிற நல்லதத்தானுங்க குடுக்கோணும்? நல்ல தண்ணிய நாம வெச்சுக்கிட்டு, வந்தவங்களுக்குக் கெட்ட தண்ணியக் குடுத்தா, அது சோறு தின்னற ஊடுங்களா?" உங்கள் பக்கத்தில் அப்படித்தான், எங்கள் கோட்டைமேட்டிலும் அப்படித்தான். நல்ல தண்ணீர் என்று நாம் சொன்ன அந்த ஒரு சொல்லே அதைக் குழந்தையிடமிருந்து பிடுங்கி விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டது.

போன வாரம் அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இந்தத் தண்ணீரை ஒரு வீட்டில் முதலில் யாருக்குக் கொடுப்பார்கள்?" அவள் விழித்தாள். "தாகமா இருக்கிறவங்களுக்கு மேடம்" என்றாள். நல்ல பெண். பட்டம் கொடுத்தாயிற்று.

அந்த ஞாயிறு நான் திரும்பும்போது நீ யோசித்தபடியே என்னோடு பஸ்ஸில் பல்லடம் வரைக்கும் வந்தாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உன் முகம் மலர்ந்தது. "இனிமே அது நல்ல தண்ணி இல்ல புள்ள. மருந்துத் தண்ணி." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொல்லலாமா, அதுவும் வேதியியல் படித்தவள் என்று ஆரம்பித்தேன். நீ பிடி கொடுக்கவே இல்லை. "சீக்கு வராமக் காக்கறது மருந்தில்லாம வேற என்ன? ஒரம்பரைக்கு ஆராச்சும் மருந்த மொண்டு குடுப்பாங்களா?"

வேலை செய்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மருந்தைக் கொடுப்பது அவமானம் அல்லவா? அண்ணி அன்றோடு அந்தப் பாத்திரத்தை மூடி உள்ளே வைத்துவிட்டார். ஏஜெண்டுகளுக்குப் பழையபடி ருசியான போர் தண்ணீர் போயிற்று. நாம் வெற்றிக் களிப்பில் ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டோம், நீ இரண்டு தோசை கூடுதலாக.

அடுத்த முறை போனால் வடிகட்டித் தண்ணீர் பாத்திரம் நிறையத் தளும்பிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட யாரும் தொடவே இல்லை. "கொழந்தைக்குக் குடுக்கறீங்கதானே அண்ணி?" என்று கேட்டாய். "கரெக்டா குடுத்துப்போடறனுங்க. காலையில ஒரு பாலாடை, மத்தியானம் ஒரு பாலாடை, தூங்கறப்ப ஒண்ணு" என்றார். மருந்து என்றால் பின்னே பாலாடைக் கிண்ணத்தில் அளந்துதானே கொடுப்பார்கள்? மற்ற நேரமெல்லாம் குடத்துத் தண்ணீர். நான் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்த முடியாமல் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கு எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் நீ டாக்டர் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. "அண்ணி, நான் முக்கியமானத சொல்ல மறந்துபோட்டேன். இந்த மருந்துக்குப் பத்தியம் இருக்குதுங்க" என்றாய். அண்ணி உடனே முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். பத்தியம் என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. "இத ஆரம்பிச்ச ஒடம்புல வேற தண்ணி படக்கூடாதுங்க. குடிக்கறதும் இதுதான், கஞ்சி காச்சறதும் இதுதான், பால்ல ஊத்தறதும் இதுதான், பருப்பு வேக வெக்கறதும் இதுதான். பால் பல்லு விழுந்து புதுப்பல்லு முளைக்கிற வரைக்கும் பத்தியம் முறியக்கூடாது. பெரியவளுக்கும் சேத்தித்தான்."

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததை எந்த ஆய்வுக்கூடமும் நடத்திக் காட்ட முடியாது. அண்ணி தன் பிறந்த வீட்டுக்குப் போனால்கூட ஒரு குடம் மருந்துத் தண்ணி கூடவே பஸ் ஏறியது. கல்யாண வீட்டில் யாரோ வித்யாவுக்குப் பானகம் கொடுக்கப் போக, "அய்யோ, பத்தியமுங்க!" என்று பிரேமா போட்ட கூச்சலில் நாதஸ்வரம் நின்றுவிட்டது என்று சொன்னாய். உன் கதையில் பாதியைக் கழித்துத்தான் எடுப்பேன். பாதியே போதுமானதாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மருந்து என்ற பேச்சு பரவி, ஆள் மாற்றி ஆள் சொம்போடு வந்தார்கள். முழங்கால் வலிக்கு ஆகுமுங்களா என்று ஒருவர். புருசன் குடியை நிறுத்துமுங்களா என்று ஒரு அம்மா. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வெகு மரியாதையாக உன்னைத் தனியாக அழைத்து, "ஏனுங் டீச்சர், கோழிக்குப் பல்லு இல்லீங்க, தெரியும். இருந்தாலும் கழிச்சலுக்குக் கேக்குமுங்களா?" என்றார். இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. பொய் கைமீறிப் போகிறது என்றேன். நீயும் அன்றைக்கு விளையாடவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவரவர் வீட்டுத் தண்ணீரிலேயே சாயத்தை விட்டுக் காட்டினாய். மஞ்சளைப் பார்த்தார்கள். பிரேமாவை நீ கூப்பிடவில்லை, அவளாகவே வந்து முன்னால் நின்று வாயைத் திறந்து காட்டினாள். அதற்குப் பிறகு யாரும் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. அத்தா வரிசையாகத் திருகு பொருத்திக் கொடுத்தார்.

பிறகு காத்திருந்தோம். பல் விஷயத்தில் வேறு வழியில்லை. நீ சொன்ன மாதிரி, ஈறுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. வித்யா பள்ளிக்கூடம் போனாள், பாட்டுப் போட்டியில் தோற்றாள், அம்மை போட்டுத் தேறினாள். நமக்கு மாணவிகள் வந்து போனார்கள். மேசையின் உன் பக்கத்தில் வருடா வருடம் ஒரு காலண்டர் மாறியது. பத்தியம் மட்டும் மாறவில்லை. மணி களைத்தால் கழுவிப் போடுவாய், மறுபடியும் இளஞ்சிவப்பு. வெளியே தெம்பாகப் பேசினாலும் உள்ளுக்குள் நீ பயந்துகொண்டேதான் இருந்தாய். "முன்னாடி போனது போனதுதான புள்ள? அந்தக் கொஞ்ச நாளு?" என்று சம்பந்தமில்லாத நேரத்தில் கேட்பாய். எந்தக் கொஞ்ச நாள் என்று நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயம். நான் வகுப்பில் இருந்தேன். துறைத் தொலைபேசிக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். கையில் சாக்பீஸோடு ஓடினேன். எடுத்தால் உன் குரல், தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். "எட்டிப் பாக்குது புள்ள! ரெண்டும் எட்டிப் பாக்குது!"

பல் முழுதாக இறங்க இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தோம். பிறகு ஒரு ஞாயிறு அத்தாவையும் அழைத்துக்கொண்டு வந்தேன். வித்யாவை வெயிலில் நிறுத்தி, நீ மோவாயைப் பிடித்துத் தூக்கினாய். முன்பல் இரண்டும் வெள்ளை. கொஞ்சம் அகலம், கொஞ்சம் கோணல், ஆனால் வெள்ளை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாய். இரண்டு பல்லின் நுனிப் பக்கத்திலும் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு மெல்லிய வரி ஓடியது, தேடினால்தான் தெரியும். உனக்கு உடனே தெரிந்துவிட்டது. பல் உள்ளே உருவாகும்போது அந்தந்த நாள் குடித்த தண்ணீர் அதில் பதிந்துவிடும் என்பதை நாம் இருவரும் படித்திருந்தோம். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "இந்தக் கோடு மட்டும் அந்த நூல் ஏஜெண்ட் குடிச்சுட்டுப் போன தண்ணி புள்ள" என்றாய்.

பிரேமா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயதாவது இருக்கும். பொறாமைப்படுவாளோ, அழுவாளோ என்று நான் பயந்தேன். அவள் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீடு வீடாகப் போய், "இளிச்சுக் காட்டு புள்ள, நல்லா இளிச்சுக் காட்டு" என்று அவளைக் காட்டினாள். மூன்றாவது வீட்டு வாசலில் சின்னவள் வேண்டுமென்றே குரங்கு மாதிரி இளித்தாள். பிரேமா வாய்விட்டுச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவே இல்லை. அதை நீ பார்த்தாய், நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மருந்தும் இல்ல, பத்தியமும் இல்லீன்னு எனக்கு எப்பவோ தெரியுமுங் அம்மணி. ஆனா அந்தப் பேரு இருக்கங்காட்டித்தான், வந்தவங்ககிட்ட இந்தத் தண்ணி உங்களுக்கு இல்லீங்கன்னு என்ற வாயில சொல்ல வந்துச்சு." இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் கருமாதிக்கு வந்திருந்தேன். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை வருடம் எதிர் நாற்காலியில் இருந்த சத்தம் நின்றுபோனால் வேறு என்ன செய்வது? பிரேமாவும் வித்யாவும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பிரேமா இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேலாளர். பல்லை அப்படியே வைத்திருக்கிறாள். "டாக்டரு மேல வெள்ளையா ஒட்டித் தாரன்னாருங்க, நான்தான் வேண்டாமுன்னுட்டேன். நானும் இவளும் பக்கத்துல பக்கத்துல நின்னு சிரிச்சாத்தானுங்க ஜமீலாத்தை, எங்க அத்தை என்ன பண்ணுச்சுன்னு தெரியும்" என்றாள். துக்க வீடு என்றும் பாராமல் இருவரும் சிரித்துக் காட்டினார்கள். நீ இருந்திருந்தால் மூன்று மொழியில் அழுதிருப்பாய்.

உன்னால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது, அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும், தண்ணீர் கொண்டுவரும்போது, "உங்க வீட்டுப் புள்ளைங்க குடிக்கிற தண்ணியே எனக்கும் குடுங்க" என்பேன். சிலர் வினோதமாகப் பார்ப்பார்கள். சிலர் முகம் மாறி, கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டு உள்ளே போவார்கள். அவர்கள் கொண்டுவருகிற தண்ணீரில் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்து வந்து இன்றைக்கும் சாயம் விட்டுப் பார்க்கிறேன். மஞ்சள் காட்டினால் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகிறேன்.

உன் கருமாதி அன்றைக்கு உங்கள் வீட்டிலும் அண்ணி சொம்போடு வந்தார். வயதாகிவிட்டது. நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அவர் சொம்பை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இப்பெல்லாம் இந்த ஊட்டுல ஒரே தண்ணிதானுங் அம்மணி. குடிங்க."